சிரோசிஸ் கல்லீரலில் 13 மி.மீ. ஒளிர்வு: புற்றுநோயா, அதைப் போலத் தோன்றும் வேறொன்றா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 61. ஹெப்பட்டைட்டிஸ் பி தொற்று பல ஆண்டுகளாக இருந்து, அதன் விளைவாகக் கல்லீரல் சுருங்கி சிரோசிஸ் நிலையை அடைந்துவிட்டது. வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும், கல்லீரல் புற்றுநோயில் உயரக்கூடிய ஏ.எஃப்.பி. என்னும் புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் செய்து வருகிறோம். கடந்த முறை அல்ட்ராசவுண்டில் கல்லீரலின் மேற்பகுதி தெளிவாகத் தெரியவில்லை என்பதால் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திப் பல கட்டங்களாக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலின் எட்டாம் கூறில் 13 மி.மீ. அளவுள்ள ஒரு பகுதி, மருந்து தமனி வழியாகக் கல்லீரலை எட்டும் முதற்கட்டமான தமனிக் கட்டத்தில் மட்டும் ஒளிர்வதாகவும், அடுத்த கட்டங்களில் சுற்றியுள்ள கல்லீரலோடு ஒன்றி மறைந்துவிடுவதாகவும் எழுதி, அதை ‘எல்.ஆர். 3’ என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஏ.எஃப்.பி. இயல்பான அளவில்தான் இருக்கிறது. அறிக்கையைப் பார்த்த ஒரு மருத்துவர் இது ஆரம்பநிலைப் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்றார்; இன்னொருவர் இரத்த ஓட்ட மாறுபாடாகவே தெரிகிறது என்றார். இருவருமே சில மாதங்கள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

இதே ஆண்டில் என் சித்தப்பா மகளுக்கும் கல்லீரலில் ஒரு கட்டி தெரிந்தது. அவளுக்கு வயது 29. எந்தக் கல்லீரல் நோயும் இல்லை. பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் 4 செ.மீ. கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். அதுவும் தமனிக் கட்டத்தில் நன்றாக ஒளிர்ந்தது. முதல் அறிக்கையில் ‘புற்றுநோய் இல்லை என்று உறுதியாகக் கூற இயலாது’ என்று எழுதியிருந்ததால் குடும்பமே நிலைகுலைந்து போனது. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்து, அது ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா என்னும் தீங்கற்ற கட்டி, சிகிச்சையே தேவையில்லை என்று முடித்துவிட்டார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். இருவருக்கும் அதே தமனிக் கட்டத்தில், அதே போன்ற ஒளிர்வு. 4 செ.மீ. உள்ளவளை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள், 13 மி.மீ. உள்ள அப்பாவை மட்டும் ஏன் கண்காணிப்பில் வைக்கிறார்கள்? புற்றுநோயைப் போலவே ஸ்கேனில் தோன்றும் தீங்கற்ற மாற்றங்கள் எவை, அவற்றை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கதிரியல் மருத்துவர்

உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது, சகோதரி. ஒளிர்வு ஒன்றுதான்; ஒளிர்வு தோன்றிய கல்லீரல்கள் வேறு. இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு மட்டுமே தமனி வழியாகவும் வருகிறது. ஆகவே கையில் செலுத்திய கான்ட்ராஸ்ட் மருந்து தமனி வழியாக வந்து சேரும் ஏறக்குறைய 35ஆம் விநாடியில் இயல்பான கல்லீரல் திசு அதிகம் ஒளிர்வதில்லை. 60 முதல் 80 விநாடிக்குள், போர்ட்டல் சிரை வழியாக மருந்து வந்த பிறகே முழுமையாக ஒளிர்கிறது. ஹெப்பட்டோசெல்லுலார் கார்சினோமா எனப்படும் கல்லீரல் புற்றுநோயோ பெரும்பாலும் தமனி இரத்தத்தையே உண்டு வளர்வது. எனவே அது முதற்கட்டத்தில் சுற்றுப்புறத்தைவிட ஒளிர்ந்து, பின்னர் சுற்றுப்புறம் ஒளிரும்போது மங்கித் தெரிகிறது. இந்த இரண்டாவது மாற்றத்தைத்தான் அறிக்கைகளில் ‘வாஷ்அவுட்’ என்று எழுதுகிறோம். ஒளிர்வும் அதைத் தொடர்ந்த மங்கலும் சேர்ந்து வந்தால்தான் புற்றுநோயின் அடையாளம் வலுப்பெறும். முதற்கட்ட ஒளிர்வு மட்டும் இருந்தால், அந்த இடத்திற்குத் தமனி இரத்தம் கூடுதலாகப் போகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அப்படிப் போவதற்குப் புற்றுநோயைத் தவிர வேறு பல காரணங்கள் உண்டு.

அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2011இல் வெளியிட்டு, பின்னர் 2018இல் திருத்திய ‘லை-ராட்ஸ்’ என்னும் வகைப்பாட்டின்படிதான் உங்கள் தந்தைக்கு எல்.ஆர். 3 என்று எழுதியிருக்கிறார்கள். எல்.ஆர். 1 என்றால் உறுதியாகத் தீங்கற்றது, எல்.ஆர். 5 என்றால் உறுதியாகக் கல்லீரல் புற்றுநோய். 3 என்பது நடுவில் நிற்பது. இந்த வகைப்பாட்டில் பலர் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சிரோசிஸ் உள்ளவர்கள், நாள்பட்ட ஹெப்பட்டைட்டிஸ் பி உள்ளவர்கள், கல்லீரல் புற்றுநோய் இப்போது இருப்பவர்கள் அல்லது முன்பு இருந்தவர்கள் ஆகியோரில், அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். இவர்களிடம் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதலாக இருப்பதால்தான் ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி இல்லாமலே படத்தை மட்டும் வைத்து எல்.ஆர். 5 என்று முடிவு சொல்லும் துணிவு நமக்கு வருகிறது. உங்கள் தங்கை இந்த வட்டத்துக்குள்ளேயே வராதவர். நோயற்ற கல்லீரல் உள்ள ஓர் இளம்பெண்ணிடம் ஒளிரும் கட்டி தெரிந்தால், அது தீங்கற்ற ஒன்றாக இருப்பதற்கான வாய்ப்பே தொடக்கத்திலிருந்து மிகுதி. அளவு 4 செ.மீ. என்பதால் அந்த வாய்ப்பு தலைகீழாக மாறிவிடாது. முதல் அறிக்கையை எழுதியவர் பொய் எழுதவில்லை. ஆனால் வயதையும் கல்லீரலின் நிலையையும் கணக்கில் கொண்டிருந்தால் அந்த ஒரு வரியை அப்படி எழுதாமல் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

அவருக்கு இருந்த ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியாவில் இருப்பவை இயல்பான கல்லீரல் அணுக்களே. அவை அமைந்திருக்கும் ஒழுங்குதான் மாறியிருக்கிறது. நடுவில் ஒரு தழும்பும் அதிலிருந்து பிரியும் தமனிகளும் இருப்பதால் தமனிக் கட்டத்தில் அது வேகமாக, ஒரே சீராக ஒளிர்கிறது. எம்.ஆர்.ஐ.யில் கேடாக்சிடேட் என்ற மருந்தைச் செலுத்தினால் கல்லீரல் அணுக்கள் அதை உள்வாங்கிக்கொள்ளும். ஏறத்தாழ 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் இந்தக் கட்டி சுற்றுப்புறக் கல்லீரலுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ ஒளிர்ந்தால், உள்ளே செயல்படும் கல்லீரல் அணுக்கள் இருக்கின்றன என்று பொருள். பெரும்பாலான கல்லீரல் புற்றுநோய்களும், அடினோமா என்னும் இன்னொரு வகைத் தீங்கற்ற கட்டிகளும் அந்தப் படத்தில் கருமையாகத் தெரியும். இந்த வேறுபாடு தெரிந்த பிறகு அவருக்கு அறுவை சிகிச்சையோ பயாப்ஸியோ தேவைப்படாமல் போனது முறையானதே. இந்தக் கட்டி புற்றுநோயாக மாறுவதில்லை. அடினோமா என்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்களிடமும் உடற்கட்டுக்காக ஸ்டீராய்டு எடுக்கும் ஆண்களிடமும் தோன்றும் அந்தக் கட்டி 5 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம்; அதன் சில வகைகள் புற்றுநோயாகவும் மாறக்கூடும்.

இனி உங்கள் தந்தையின் விஷயம். சிரோசிஸ் கல்லீரலில், தமனிக் கட்டத்தில் மட்டும் ஒளிர்ந்து மற்றக் கட்டங்களில் தடயமே இல்லாமல் போகும் சிறு பகுதிகளுக்கு மிகப் பொதுவான காரணம், தமனிக்கும் போர்ட்டல் சிரைக்கும் இடையே உருவாகும் நேரடி இணைப்பு. நாங்கள் இதை ‘ஷன்ட்’ என்போம். தழும்பேறிய கல்லீரலில் போர்ட்டல் சிரையின் சிறு கிளைகள் நெருக்கப்படும்போது, தமனி இரத்தம் குறுக்குவழியில் அந்தக் கிளைகளுக்குள் பாய்கிறது. அந்தக் கிளை ஊட்டும் திசு முழுவதும் முன்கூட்டியே ஒளிர்கிறது. ஆகவேதான் இது பெரும்பாலும் கல்லீரலின் மேலுறையை ஒட்டி, ஆப்பு வடிவில், நேரான ஓரங்களோடு தெரிகிறது. அதன் ஊடாகச் செல்லும் இரத்தக் குழாய்கள் வளையாமலும் விலகாமலும் செல்லும். ஏனெனில் அங்கே தள்ளுவதற்குக் கட்டி எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் திசுவின் நீர்த்தன்மையைக் காட்டும் டி2 படத்திலும், நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படத்திலும் அந்த இடம் சாதாரணமாக இருக்கும். 20ஆம் நிமிடப் படத்திலும் கருமை காட்டாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், சில ஷன்ட்கள் ஆப்பு வடிவில் இல்லாமல் உருண்டையாகத் தெரிகின்றன. அதே சமயம், மிகச் சிறிய புற்றுநோய்கள் சில வாஷ்அவுட் காட்டாமலே இருக்கின்றன. இந்த இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் 13 மி.மீ. உருண்டையான ஒளிர்வு நிற்கிறது. ஆப்பு வடிவம் தெளிவாக இருந்திருந்தால் அறிக்கையில் எல்.ஆர். 2 என்றே எழுதியிருப்பார்கள்.

ஹெமாஞ்சியோமா என்னும் இரத்தக் குழாய்க் கட்டி இன்னொரு வேடதாரி. கல்லீரலின் தீங்கற்ற கட்டிகளில் இதுவே மிகுதியாகக் காணப்படுவது. பெரிய ஹெமாஞ்சியோமா விளிம்பில் திட்டுத் திட்டாக ஒளிரத் தொடங்கி மெதுவாக உள்நோக்கி நிரம்பும். அதைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. ஆனால் 2 செ.மீ.க்கும் சிறியவற்றில் சில, தமனிக் கட்டத்திலேயே முழுவதும் நிரம்பிப் புற்றுநோயைப் போலவே ஒளிர்கின்றன. பிரித்தறியும் வழி, அதன் ஒளியை ஒவ்வொரு கட்டத்திலும் மகாதமனியின் ஒளியோடு ஒப்பிடுவது: இரத்தம் நிறைந்த குழாய்களே அந்தக் கட்டி என்பதால், இரண்டும் சேர்ந்தே ஒளிர்ந்து சேர்ந்தே குறையும். இங்கே ஒரு பொறி உண்டு. கேடாக்சிடேட் மருந்தோடு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் மூன்றாம் நிமிடத்திலேயே கல்லீரல் அணுக்கள் மருந்தை உள்வாங்கி ஒளிரத் தொடங்கிவிடுவதால், ஹெமாஞ்சியோமா அதன் அருகில் கருமையாகத் தோன்றி வாஷ்அவுட் போல ஏமாற்றும். இதனால்தான் அந்த மருந்தைப் பயன்படுத்தும்போது வாஷ்அவுட்டைப் போர்ட்டல் சிரைக் கட்டத்தில் மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்று லை-ராட்ஸ் கட்டுப்படுத்துகிறது. சிரோசிஸ் முற்றிய கல்லீரலில் ஹெமாஞ்சியோமா சுருங்கி, இறுகி, தன் வழக்கமான தோற்றத்தை இழந்தும் விடலாம். பழைய ஸ்கேன் இருந்தால் அப்போது பெரும் உதவியாக இருக்கும்.

நார்த்திசு திரண்டு கட்டி போலத் தெரிவதும் சிரோசிஸில் உண்டு. அது பெரும்பாலும் நான்காம் கூறிலும் வலப்பக்க முன்கூறுகளிலும் வரும். புற்றுநோய் கல்லீரலின் மேற்பரப்பை வெளியே தள்ளும்; நார்த்திசு அதை உள்ளே இழுக்கும். அதன் ஒளிர்வும் தாமதக் கட்டத்தில்தான் கூடும். கொழுப்பு ஓரிடத்தில் மட்டும் சேர்வதும், கொழுப்பேறிய கல்லீரலில் ஓரிடம் மட்டும் கொழுப்பில்லாமல் விடுபடுவதும் அல்ட்ராசவுண்டில் பலரைப் பயமுறுத்துகின்றன. பித்தப்பையை ஒட்டியும் ஃபால்சிஃபார்ம் தசைநாரை ஒட்டியும் இவை அமைவது வழக்கம், எம்.ஆர்.ஐ.யில் எளிதாகத் தெளிவாகிவிடும்.

எல்.ஆர். 3 என்று எழுதப்பட்டவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல், பின்னர் கல்லீரல் புற்றுநோய் என்று தெரியவருகிறது. மீதி அப்படி அல்ல. எல்.ஆர். 4இல் இது ஏறக்குறைய நான்கில் மூன்றாகவும், எல்.ஆர். 5இல் நூற்றுக்கு 90க்கு மேலாகவும் உயர்கிறது. ஆகவே உங்கள் தந்தையின் அறிக்கையை ‘ஒன்றுமில்லை’ என்று ஒதுக்கவும் முடியாது. புற்றுநோய் என்று கொண்டு சிகிச்சையைத் தொடங்கவும் கூடாது. மூன்றிலிருந்து ஆறு மாதத்திற்குள் மீண்டும் எடுத்துப் பார்ப்பது இந்த நிலைக்குச் சரியான அணுகுமுறை. இரு மருத்துவர்களும் வேறு வேறு சொன்னதாக உங்களுக்குத் தோன்றினாலும், செய்யச் சொன்னது ஒன்றைத்தான் என்பதைக் கவனியுங்கள்.

மறுமொழி: யாழ்வாசி

மேலே மருத்துவர் ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் பொது மருத்துவப் பிரிவில் பணிபுரிபவன். எங்கள் யாழ்ப்பாணப் பகுதியில் கள் அருந்தும் ஆண்களிடம் அமீபாவினால் வரும் கல்லீரல் சீழ்க்கட்டி அதிகமாகக் காணப்படுகிறது. இந்தச் சீழ்க்கட்டி தொடக்க நிலையில், உள்ளே உள்ள திசு இன்னும் உருகித் திரவமாகாத பொழுதில், அல்ட்ராசவுண்டில் திடமான கட்டியைப் போலவே தோன்றும். சி.டி.யில் அதன் சுவர் ஒளிரும். அதைச் சூழ்ந்த கல்லீரல் பகுதியும் அழற்சியினால் தமனிக் கட்டத்தில் ஒளிரும். மதுப்பழக்கம் உள்ள, உடல் மெலிந்த, நடுத்தர வயது ஆண் ஒருவரிடம் இப்படி ஒரு படத்தைக் கண்டால் புற்றுநோய் என்ற எண்ணம் எவருக்கும் முதலில் வரத்தான் செய்யும்.

இங்கே படத்தைவிட நோயாளியின் உடல்நிலையே கூடுதலாகப் பேசுகிறது. காய்ச்சல், வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்தினால் தாங்க முடியாத வலி, வெள்ளையணுக்கள் உயர்வு ஆகியவை சீழ்க்கட்டியைக் காட்டுகின்றன. அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மருந்தைத் தொடங்கி ஏறத்தாழ மூன்று நாட்களுக்குள் காய்ச்சலும் வலியும் தணிவது அந்த எண்ணத்தை மேலும் உறுதிப்படுத்தும். அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நோயாளி முழுமையாகக் குணமடைந்த பின்னும் கல்லீரலில் அந்தக் குழி பல மாதங்கள் ஸ்கேனில் தெரிந்துகொண்டே இருக்கும். வேறொரு காரணத்துக்காக வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுக்கும்போது, பழைய கதை தெரியாதவர் அதைப் புதிய கட்டி என்று எழுதிவிடுவார். எனவே இப்படிச் சிகிச்சை பெற்றவர்கள் பழைய அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருப்பது மிகவும் அவசியம். கல்லீரலில் காசநோய்க் கட்டியும் அரிதாக இப்படி வேடமிடுவதுண்டு. அதைப் பயாப்ஸி இல்லாமல் உறுதி செய்வது கடினம்.

மறுமொழி: கொள்ளிடம்

நான் மருத்துவன் அல்லன். என் தம்பிக்கு நேர்ந்ததை மட்டும் எழுதுகிறேன். அவனுக்குக் கல்லீரலிலிருந்து இரத்தம் வெளியேறும் சிரைகள் அடைபட்டு, பட்-கியாரி நோய் என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து எடுத்த சி.டி.யில் கல்லீரல் முழுவதும் பல சிறு கட்டிகள் தமனிக் கட்டத்தில் ஒளிர்ந்தன. ஒரு மருத்துவமனையில் இவை பல இடங்களில் பரவிய கல்லீரல் புற்றுநோய் என்று சொல்லி, தமனி வழியாகக் குழாய் செலுத்திக் கட்டிகளுக்குப் போகும் இரத்தத்தை அடைக்கும் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். இரண்டாவது கருத்துக் கேட்கச் சென்ற இடத்தில், இந்த நோயில் இப்படிப்பட்ட தீங்கற்ற கட்டிகள் வருவது வழக்கம், புற்றுநோய்க்கான விதிகளை இங்கே பொருத்திப் பார்க்கவே கூடாது என்று கூறி, அவற்றில் ஒன்றைப் பயாப்ஸி செய்து பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை. அந்தச் சிகிச்சையைச் செய்திருந்தால் ஏற்கெனவே இரத்த ஓட்டம் குன்றிய அவன் கல்லீரல் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

என் கேள்வி இதுதான்: எங்களுக்குத் தெளிவைத் தந்தது பயாப்ஸிதானே? அப்படியிருக்க, வைகைக்கரை அவர்களின் தந்தைக்கும் உடனே பயாப்ஸி செய்து முடிவைத் தெரிந்துகொள்ளாமல், மாதக்கணக்கில் ஏன் காத்திருக்கச் சொல்கிறீர்கள்?

மறுமொழி: கல்லீரல் சிகிச்சை மருத்துவர்

கொள்ளிடம் அவர்களே, உங்கள் தம்பிக்கு இரண்டாம் இடத்தில் சொன்னது முற்றிலும் சரி. பட்-கியாரி போன்ற இரத்தக் குழாய் நோய்களில் போர்ட்டல் இரத்தம் குறைந்து தமனி இரத்தம் கூடுவதால், ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியாவை ஒத்த கட்டிகள் பல தோன்றுகின்றன. அவற்றில் சில வாஷ்அவுட்டையும் காட்டிவிடுகின்றன. அதனால்தான் இந்த நோயாளிகளை லை-ராட்ஸ் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் இவர்களுக்குப் படத்தை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவு சொல்லக் கூடாது என்கிறது. இந்த நோயில் உண்மையான புற்றுநோயும் தோன்றக்கூடும் என்பதால் உங்கள் தம்பிக்குத் தொடர்ந்த கண்காணிப்புத் தேவை; அதையும் கைவிட்டுவிடாதீர்கள்.

ஆனால் அதே விடையை வைகைக்கரை அவர்களின் தந்தைக்குப் பொருத்த முடியாது. முதலாவதாக, 13 மி.மீ. இலக்கை, அதுவும் அல்ட்ராசவுண்டில் தெரியாத, எட்டாம் கூறில் உதரவிதானத்துக்குக் கீழே இருக்கும் இலக்கை, ஊசி சரியாகத் தொட்டதா என்பதே ஐயத்துக்குரியது. ஊசி தவறி அருகிலிருந்த திசுவை எடுத்துவந்தால், ‘புற்றுநோய் இல்லை’ என்ற அறிக்கை வரும். அந்த அறிக்கையை நம்பிக் கண்காணிப்பைத் தளர்த்தினால் அதைவிட ஆபத்து வேறில்லை. இரண்டாவதாக, சிரோசிஸ் உள்ளவர்களுக்குத் தட்டணுக்கள் குறைந்தும் இரத்தம் உறையும் தன்மை மாறியும் இருக்கும் என்பதால், ஊசி குத்திய இடத்தில் இரத்தக் கசிவு ஏற்படலாம். மூன்றாவதாக, அது புற்றுநோயாகவே இருந்தால், ஊசி சென்ற தடத்தில் அணுக்கள் ஒட்டி வளரும் அபாயம் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு உண்டு. பின்னாளில் மாற்றுக் கல்லீரல் பெறக்கூடிய ஒருவருக்கு அது சிறிய விஷயம் அல்ல. பயாப்ஸியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒளிர்வு எல்.ஆர். 4 ஆக மாறி, படம் தெளிவு தராமல், முடிவு சிகிச்சையை மாற்றும் என்ற நிலை வந்தால் நானே அதைப் பரிந்துரைப்பேன்.

அவசரப்பட்டுப் புற்றுநோய் என்று முத்திரை குத்துவதன் விளைவையும் சொல்ல வேண்டும். 1996இல் வெளியான மிலான் விதிமுறைப்படி, 5 செ.மீ.க்கு மிகாத ஒரே கட்டியோ, தலா 3 செ.மீ.க்கு மிகாத மூன்று வரையிலான கட்டிகளோ இருந்தால் மாற்றுக் கல்லீரல் பொருத்தலாம். அமெரிக்காவில் இத்தகைய நோயாளிகளுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமையும் தரப்பட்டது. அப்படி முன்னுரிமை பெற்ற சிலரிடமிருந்து அகற்றிய கல்லீரலை ஆய்வகத்தில் வெட்டிப் பார்த்தபோது, புற்றுநோயே இல்லாமல் இருந்தது. ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய உறுப்பு இன்னொருவருக்குப் போயிருக்கிறது. படத்தை மட்டும் வைத்துச் சொல்லும் முடிவில் இத்தனை கண்டிப்பு காட்டப்படுவதற்கு இத்தகைய நிகழ்வுகளும் காரணம். எல்.ஆர். 5 என்ற வகைக்குள் நுழைவது வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டிருக்கிறது. அதனால் உண்மையான சில சிறு புற்றுநோய்கள் சில மாதம் எல்.ஆர். 3இலும் 4இலும் காத்திருக்க நேர்கிறது. 13 மி.மீ. அளவில் அந்தக் காத்திருப்பு, முறையான கண்காணிப்போடு இருந்தால், சிகிச்சை வாய்ப்பைப் பெரும்பாலும் பறிப்பதில்லை.

ஏ.எஃப்.பி. இயல்பாக இருப்பது ஆறுதல்தான். ஆனால் சிறிய புற்றுநோய்களில் அது பெரும்பாலும் உயர்வதே இல்லை. மறுபுறம், ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸ் மீண்டும் தலைதூக்கும்போது புற்றுநோய் இல்லாமலே அது உயரும். எனவே அந்த எண்ணை மட்டும் பார்த்து மகிழவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம்.

வைகைக்கரை:

மூன்று மருத்துவர்களுக்கும், தம்பியின் அனுபவத்தைப் பகிர்ந்த அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் விளக்கங்களைப் படித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. கடந்த ஆண்டு கல்லீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அறிய அப்பாவுக்கு வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்திப் பயாப்ஸி செய்தார்கள். இப்போது சி.டி. எடுத்த இடம் வேறு என்பதால் இதை அவர்களிடம் நாங்கள் சொல்லவில்லை; அவர்களும் கேட்கவில்லை. இதற்கும் இந்த ஒளிர்வுக்கும் தொடர்பு இருக்குமா? அடுத்து எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லதா, சி.டி.யே போதுமா?

மறுமொழி: கதிரியல் மருத்துவர்

இது மிக முக்கியமான தகவல். பயாப்ஸி ஊசி கல்லீரலுக்குள் செல்லும்போது, அருகருகே ஓடும் தமனிக் கிளையையும் போர்ட்டல் சிரைக் கிளையையும் ஒருசேரத் துளைத்துவிடுவதுண்டு. அங்கே இரண்டுக்கும் இடையே ஷன்ட் உருவாகும். பல ஷன்ட்கள் தாமாகவே மூடிக்கொள்ளும், சில நீடிக்கும். ஊசி நுழைந்த தடமும் இந்த ஒளிர்வும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று, இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்ட ஒருவர் படத்தை மறுபடி பார்க்க வேண்டும். அறிக்கை எழுதியவரிடமே போய்ச் சொல்லுங்கள்; கூடுதல் தகவலோடு திருத்திய அறிக்கை கேட்பது உங்கள் உரிமை, அதில் எவரும் வருத்தப்பட ஒன்றுமில்லை. பயாப்ஸிக்கு முன்பு எடுத்த சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ இருந்தால் அதன் படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கொண்டு செல்லுங்கள். அச்சிட்ட ஃபிலிம் போதாது. தட்டில் உள்ள முழுப் படங்கள்தான் ஒப்பீட்டுக்கு உதவும். முந்தைய படத்தில் அந்த இடம் சாதாரணமாக இருந்து, பயாப்ஸிக்குப் பிறகே ஒளிர்வு வந்திருந்தால் ஷன்ட் என்ற எண்ணம் வலுப்பெறும். ஆனாலும் அந்த இடைவெளியில் புதிதாக ஒரு புற்றுநோய் தோன்றியிருக்கவும் கூடும் என்பதால், அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போட இது காரணமாகாது.

எம்.ஆர்.ஐ.யா சி.டி.யா என்பது அப்பாவின் உடல்நிலையைப் பொறுத்தது. மஞ்சள் காமாலையில் கூடும் பிலிருபின் அதிகம் உயராமல், வயிற்றில் நீர் சேராமல், மூச்சை 15, 20 விநாடி அடக்க முடிந்தால், கேடாக்சிடேட் மருந்தோடு எம்.ஆர்.ஐ. எடுப்பதையே நான் விரும்புவேன். ஷன்ட்டையும் கட்டியையும் பிரிக்க டிஃப்யூஷன் படமும் 20ஆம் நிமிடப் படமும் பெரிதும் உதவும். மஞ்சள் காமாலை இருந்தால் கல்லீரல் அணுக்கள் அந்த மருந்தைச் சரியாக உள்வாங்கா. வயிற்றில் நீர் இருந்தாலோ மூச்சடக்க முடியாவிட்டாலோ படம் கலங்கிவிடும். அப்படியானால் நன்றாக எடுத்த சி.டி.யே மேல். எதை எடுத்தாலும் தமனிக் கட்டம் சரியான நொடியில் எடுக்கப்பட வேண்டும். அந்தக் கட்டத்தில் போர்ட்டல் சிரையில் மருந்து வரத் தொடங்கியிருக்க வேண்டும்; கல்லீரலைவிட்டு வெளியேறும் சிரைகளில் இன்னும் வந்திருக்கக் கூடாது. சில நொடி முந்தி எடுத்துவிட்டால் இருக்கும் புற்றுநோயும் ஒளிராமல் போகும். அப்போது ஒளிர்வு மறைந்துவிட்டது என்று தவறாக மகிழ நேரிடும்.

அடுத்த படத்தில் ஒளிர்வு மறைந்திருந்தாலோ, சிறுத்திருந்தாலோ வழக்கமான ஆறு மாதக் கண்காணிப்புக்குத் திரும்பலாம். அப்படியே இருந்தால் மீண்டும் அதே இடைவெளியில் பார்க்க வேண்டும். ஆறு மாதத்திற்குள் விட்டம் பாதியளவு கூடியிருந்தால், அதாவது 13 மி.மீ. ஏறத்தாழ 20 மி.மீ. ஆகியிருந்தால், வாஷ்அவுட் இல்லாவிட்டாலும் அது எல்.ஆர். 5 வரை உயரும். அப்போது கல்லீரல் மருத்துவர், அறுவை சிகிச்சை நிபுணர், கதிரியல் மருத்துவர் மூவரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் இடத்தில் அப்பாவைக் காட்டுங்கள். அளவெடுக்கும்போது இரு முறையும் ஒரே கட்டத்தில், ஒரே தளத்தில் அளந்தார்களா என்று கேளுங்கள். தமனிக் கட்டத்தில் ஒருமுறையும் வேறு கட்டத்தில் மறுமுறையும் அளந்தால் வளராத ஒன்றும் வளர்ந்ததாகக் கணக்கு வரும். சி.டி.க்கு முன்பு, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிடுங்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி மாத்திரையை ஸ்கேனுக்காக ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.